ஆரணியின் பிடரியில் இருந்த உண்ணி

தம்பி,

இதைத் தொலைபேசியில் இரண்டு வசனத்தில் சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ, "உது ஒண்டுமில்லையப்பா, நீங்கள் சும்மா மண்டையைப் போட்டு உடைக்காதேங்கோ" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிடுவாய். நானும் சரி என்று விட்டுவிடுவேன். என்னால் அப்படி விட்டுவிட முடியும் என்பது எனக்குத் தெரியும். முன்பு ஒரு முறை விட்டிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்குப் புது வீட்டுக் குடிபூரல். நீயும் தர்சினியும் நான்கு வயதுப் பிள்ளை ஆரணியோடு மயிலிட்டிக்குப் போய் வாழப் போகிறீர்கள். அதற்கு முதல் நீ அறிய வேண்டியது ஒன்று இருக்கிறது. நீ தர்சினிக்குச் சொல்ல வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

சனிக்கிழமை நடந்ததை முதலில் நடந்தபடி எழுதுகிறேன். காலை பத்தே முக்கால் மணி. புது வீட்டு விறாந்தையில் மேசன்மார் இரண்டு பேர் மாபிள் பதித்துக்கொண்டிருந்தார்கள். தர்சினி வேலைக்காரரின் மத்தியானச் சாப்பாட்டுக்கு மரக்கறி வாங்க மருதனார்மடச் சந்தைக்குப் போயிருந்தாள். ஆரணி பக்கத்துக் காணி வேலியோரம் நாய்க்குட்டியோடு விளையாடிவிட்டு வந்து உன் முழங்காலில் சாய்ந்தாள். பிடரியைச் சொறிந்தாள். நீ தலைமயிரை ஒதுக்கிப் பார்த்தாய். மயிர் தொடங்கும் இடத்தில், ஊறிய பயறு அளவில், சாம்பல் நிறத்தில் ஓர் உண்ணி கடித்தபடி இருந்தது.

"அப்பா, நெருப்புப்பெட்டி இருக்கோ?" என்று என்னைக் கேட்டாய். என்னிடம் இருக்கவில்லை. மேசன் ஒருவர், "மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விடும் தம்பி, தானா விழுந்திடும்" என்றார். மற்றவர் தன் சட்டைப் பையில் இருந்து நெருப்புப்பெட்டியை எடுத்து உன்னிடம் எறிந்தார். எறிந்துவிட்டு, "மனிசி வாறதுக்குள்ளை அலுவலை முடியும். கண்டாவெண்டா உண்ணிக்கு முன்னம் உமக்குத்தான் சூடு" என்றார். எல்லாரும் சிரித்தோம். நீ குச்சியைத் தட்டி, ஊதி அணைத்து, சிவந்திருந்த நுனியை உண்ணியின் முதுகில் வைத்தாய். பிள்ளை கத்திக்கொண்டு துள்ளினாள். குச்சி வழுக்கித் தோலில் பட்டது. உண்ணி விழுந்தது. நீ அதைச் செருப்பால் தேய்த்துவிட்டு மேசன்மாரைப் பார்த்துச் சொன்னாய்: "என்ரை அப்பா எனக்குச் சுருட்டாலை சுட்டல்லோ எடுத்தவர். நான் என்ன செத்தே போனன்?"

பிறகு, அழுகிற பிள்ளைக்கு ஒரு இனிப்பை உரித்து வாயில் வைத்து, "அம்மாவிட்டைச் சொல்லாதை, என்ன?" என்றாய். அவள் தலையாட்டினாள். அரை மணித்தியாலத்தில் தர்சினி வந்தாள். வந்த கையோடு, "பிள்ளைக்குப் பிடரியிலை என்ன, சிவந்து கிடக்கு?" என்று கேட்டாள். "நுளம்பு கடிச்சது. சொறிஞ்சு போட்டாள்" என்றாய். ஆரணி உன்னைப் பார்த்தாள். நீ என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாய். நான் நான்கடி தள்ளிக் கதிரையில் இருந்தேன். ஒரு சொல் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்றால், சுருட்டுக் கதையில் உனக்குத் தெரிந்தது பாதி. மற்றப் பாதியை நான் உனக்குச் சொன்னதில்லை. நாற்பது வருடம் மற்றவர்களின் வீட்டுப் படலையில் நின்று கேள்வி கேட்டுச் செய்தி எழுதியவன் நான். யார், எப்போது, எங்கே என்று கேட்காமல் ஒரு பந்தியும் எழுதியதில்லை. என் வீட்டில் நடந்ததை மட்டும் கேட்கவுமில்லை, கேட்டவர்களுக்குச் சொல்லவுமில்லை.

உனக்கு அப்போது ஐந்து வயது. யுத்தகாலத்துப் பெரிய இடப்பெயர்வில் நாங்கள் தென்மராட்சிக்குப் போய், ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் ஆறு குடும்பத்தோடு இருந்துவிட்டு, ஊர் திரும்பியிருந்தோம். வளவு முழுக்க இடுப்பளவுக்குப் புல்லும் பற்றையும். கிணற்றடிக்குப் போக நானும் அம்மாவும் கத்தியால் வெட்டி வழி எடுத்தோம். அந்தப் பற்றைக்குள் இருந்து ஒரு நாய் எழும்பி வந்தது. ஊரே காலியாகிப் போனபோது போகாமல் நின்ற நாய். விலா எலும்பை எண்ணலாம். நீ அதற்கு ஜிம்மி என்று பேர் வைத்து, அன்று பின்னேரமே அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாய்.

தென்மராட்சியில் இருந்தபோது நான் சந்நிதி முருகனுக்கு ஒரு நேர்த்தி வைத்திருந்தேன். மூன்று பேரும் உயிரோடு எங்கடை வீட்டுக்குத் திரும்பினால் இனிச் சுருட்டுத் தொடமாட்டேன் என்று. திரும்பினோம். மூன்று பேரும் தொண்டைமானாற்றுச் சந்நிதிக்குப் போனோம். கோயில் வாசலில் வைத்து அம்மாவுக்கும் கேட்கத்தக்கதாக அந்த நேர்த்தியைச் சொல்லிக் கும்பிட்டேன். இரண்டு மாதம் காப்பாற்றினேன். பிறகு, கிணற்றுக்குப் பின்னால் வாழைகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு நாளும் ஒரு சுருட்டு. அம்மாவுக்குத் தெரியாது. வாயில் வேப்பங்குச்சியைச் சப்பிக்கொண்டு உள்ளே போவேன்.

ஒரு நாள் நீ அங்கே வந்தாய். "அப்பா, காதுக்குப் பின்னாலை என்னமோ ஒட்டிக்கொண்டு நிக்குது." பார்த்தேன், உண்ணி. மாட்டில் இருந்து உண்ணி கழற்றிப் பழகிய கைதான். ஆனால் கையில் சுருட்டு இருந்தது. அதன் நுனியை வைத்தேன். நீ துள்ளினாய், தோல் சுட்டது, உண்ணி விழுந்தது. உன் அழுகையை நிற்பாட்ட ஒரு தோடம்பழ இனிப்புத் தந்து, "அம்மாவிட்டைச் சொல்லாதை" என்றேன். சுட்டதைச் சொன்னால் சுருட்டையும் சொல்ல வேண்டி வரும். சுருட்டைச் சொன்னால் நேர்த்தி உடைந்ததும் தெரிய வரும். சூடு பட்ட இடத்தில் திருநீற்றைப் பூசிவிட்டேன். பிறகும் அது தெரியாமல் இருக்க ஒவ்வொரு நாளும் பூசினேன். சனிக்கிழமை உன் வாயில் இருந்து அதே சொற்களைக் கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது உனக்கு விளங்கும்.

பத்து நாள் கழித்து உனக்குக் காய்ச்சல் தொடங்கியது. தலையைத் தூக்க முடியாத தலையிடி. குளிசை கொடுத்தால் இரண்டு மணித்தியாலம் தணியும், பிறகு கொதிக்கும். இரண்டாம் நாள் உன்னைச் சைக்கிள் பாரில் இருத்தி டொக்டரிடம் கொண்டுபோனேன். அம்மா வரவில்லை, ஒரு சைக்கிள்தான் இருந்தது. டொக்டர் கவனமானவர். உன் வயிற்றை அமர்த்திப் பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "பற்றை கிற்றைக்குள்ளை விளையாடுறவனோ? உண்ணி, பூச்சி ஏதும் கடிச்சதோ?"

நீ முதலில் என் முகத்தைப் பார்த்தாய். நான், "ஒண்டும் கடிக்கேல்லை டொக்டர்" என்றேன். அவர் உன்னிடமும் கேட்டார். காய்ச்சலில் சிவந்த கண்ணோடு, ஐந்து வயதுப் பிள்ளை, நீயும் இல்லையென்று தலையாட்டினாய். எனக்காக ஆட்டினாய். அவர் என் சொல்லை நம்பி, காய்ச்சலுக்கும் தடிமனுக்கும் மருந்து எழுதித் தந்து, குறையாவிட்டால் அடுத்த நாளே கொண்டுவரச் சொன்னார். அவரில் பிழை இல்லை. கேட்க வேண்டிய கேள்வியை அவர் கேட்டார். எத்தனையோ பேரின் பொய்யைப் பேப்பரில் போட்டுப் பிடித்தவன், அந்தக் கேள்விக்கு யோசிக்கக்கூட இல்லாமல் பொய் சொன்னேன்.

மூன்றாம் நாள் உன்னைக் கொண்டுபோகவில்லை. அன்று காலை உன் நெஞ்சிலும் கையிலும் சிவப்புப் புள்ளிகள் போட்டிருந்தன. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, "இது அம்மாள் எல்லோ! ஆஸ்பத்திரி கீஸ்பத்திரி எண்டு தூக்கிக்கொண்டு ஓடாதேங்கோ, ஊசி கீசி போட்டால் ஆத்தை கோவிப்பா" என்றா. எங்கள் ஊரில் அம்மாள் வந்த வீட்டில் என்ன செய்வார்கள் என்று உனக்குத் தெரியும். படலையில் வேப்பிலை கட்டினோம். தலைக்கு வார்க்கவில்லை, உடம்பு துடைக்கவில்லை, சட்டை மாற்றவில்லை. அம்மா பக்கத்தில் இருந்து வேப்பிலையால் விசிறினாள். நான் புள்ளிகளைக் கிட்டப் பார்த்தேன். அம்மாள், அதாவது கொப்புளிப்பான், என்றால் அடுத்த நாள் நீர் கட்ட வேண்டும். அடுத்த நாளும் இந்தப் புள்ளிகளில் நீர் இல்லை. அதைக் கண்டேன், கண்டதை யாருக்கும் சொல்லவில்லை. அம்மாள் என்றால் அது உண்ணி அல்ல. உண்ணி அல்ல என்றால் சுருட்டும் அல்ல. இன்னொரு பக்கம், நேர்த்தி உடைத்ததற்கு முருகன் தருகிற தண்டனை என்றும் மனதுக்குள் ஓடியது. அதற்காக ரகசியமாக இன்னொரு நேர்த்தி வைத்தேன். ஆஸ்பத்திரிக்கு நான்கு மைல். அதற்குப் போகாமல் நேர்த்திமேல் நேர்த்தி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் நீ பினாத்தத் தொடங்கினாய். அம்மாவைப் பார்த்து, "ஆர் நீங்கள்?" என்றாய். அம்மா எழும்பினாள். அடுப்பில் தண்ணீர் சுட வைத்தாள். "அம்மாள் வந்த பிள்ளைக்குத் தண்ணி படக்கூடாதடியப்பா" என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "என்னை அடையாளம் தெரியாத பிள்ளைக்கு என்னத்தை வச்சுக் காக்கிறது? கோவிச்சா என்னோடை கோவிக்கட்டும்" என்றாள். துணியை நனைத்து உன் முகத்தைத் துடைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். காதுமடலை முன்னால் மடித்தபோது துணியை நிற்பாட்டினாள். திருநீறு கழுவுப்பட்ட இடத்தில், சுற்றிவரச் சிவந்து, நடுவில் மிளகளவு கறுத்த பொருக்கு.

"இஞ்சாருங்கோ, இது என்ன?"

நான் அவளுக்கு அப்போதுதான் சொன்னேன். முழுக்கச் சொன்னேன். அவள் உன்னைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு படலையால் வெளியே போய்விட்டாள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வேப்பிலைக் கொத்து அவளின் தோளில் தட்டுப்பட்டு விழுந்து ஒழுங்கையில் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அந்தப் பொருக்கை டோச் லைட் அடித்துப் பார்த்தார். "சுட்ட காயம் ஒரு கிழமையிலை மாறியிருக்கும். இது சுட்டதில்லை, கடிச்ச இடம். உண்ணிக் காய்ச்சல். இதை ஏன் முதலே காட்டேல்லை?" என்று கேட்டார். அம்மா என்னைப் பார்க்கவில்லை.  அதற்கென்று மருந்து இருந்தது. கொடுத்த இரண்டாம் நாள் உன் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் நீ பாண் கேட்டாய். இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அவரிடம் கேட்டேன். அவர் உன் போர்வையை இழுத்து மூடிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கதையை எப்படிச் சொல்லி வந்திருக்கிறோம் என்று யோசித்துப் பார். சின்ன வயதில் உனக்கு அம்மாள் வந்தது, அப்பா நேர்த்தி வைத்தார், சுகமாகியது, அப்பா சந்நிதியில் காவடி எடுத்தார். காவடி எடுத்தது உண்மை. உன்னைக் காப்பாற்றியது ஒரு சட்டித் தண்ணீரும், ஒரு துணியும், என் சொல்லைக் கேட்காத உன் தாயும்தான். அவள் இத்தனை வருடமும் யாருக்கும் இதைச் சொல்லவில்லை. காவடிக் கதையை மற்றவர்கள் சொல்லும்போதெல்லாம் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள்.

ஜிம்மியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது இராணுவ வாகனத்துக்குப் பின்னால் ஓடிப் போனது என்று உனக்குச் சொன்னேன். ஓடவில்லை. நீ ஆஸ்பத்திரியில் இருந்து வருவதற்கு முதல்நாள், அதைச் சாக்கில் போட்டுச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்த் தொண்டைமானாற்றுப் பாலத்தடியில் அவிழ்த்து விட்டேன். நீ ஒரு கிழமை படலையில் நின்று கூப்பிட்டாய். என் குற்றத்தை ஏற்ற எனக்கு ஒரு நாய் தேவைப்பட்டது. பின்னாளில் காய்ச்சலைப் பற்றிச் செய்தி எழுதப் போய், தெரிந்த டொக்டர்மாரைக் கேட்டு விளங்கிக்கொண்டபோது, அந்தக் கறுத்த பொருக்கு நான் கண்ட நாயுண்ணியால் வந்திருக்கலாம், அல்லது பற்றைக்குள் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணி ஒன்று அதே நாட்களில் பக்கத்தில் கடித்து வந்திருக்கலாம் என்றார்கள். எது என்று இனிச் சொல்ல முடியாது. ஆகவே ஆரணியின் நாய்க்குட்டியைத் துரத்தாதே. மிருக வைத்தியரிடம் காட்டி உண்ணி மருந்து போடு, படுக்கைக்கு மேல் ஏற விடாதே, அது போதும்.

காணியைப் பார்த்துக்கொள். உங்கள் வளவைத் துப்புரவாக்கிவிட்டாய், ஆனால் மூன்று பக்கமும் ஆளில்லாக் காணி. சொந்தக்காரர் வெளிநாட்டில், பல வருடம் யாரும் கால் வைக்காமல் வளர்ந்த பற்றை. அதற்குள் எலி, கீரி, கட்டாக்காலி மாடு எல்லாம் இருக்கின்றன. வேலியோரம் நாலைந்து முழத்துக்குப் புல்லை எப்போதும் கட்டையாக வெட்டி வை. தென்னோலையையும் விறகையும் சுவரோடு அடுக்காதே. பிள்ளை வெளியே விளையாடினால் பின்னேரம் குளிக்க வார்க்கும்போது காதுக்குப் பின்னால், பிடரி, கமக்கட்டு, தொப்புள், அரை, முழங்கால் மடிப்பு எல்லாம் கையால் தடவிப் பார்க்க வேண்டும். கண் தவறவிடுவதை விரல் பிடிக்கும். அதைத் தர்சினியின் வேலை என்று விட்டுவிடாதே. தகப்பன்மார் குளிக்க வார்த்தால் பிள்ளை தேய்ந்து போகாது.

இனி உண்ணியைக் கண்டால் நெருப்பும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சூடு பட்ட உண்ணி தான் குடித்ததைக் கடிவாய்க்குள்ளேயே திருப்பிக் கக்கலாம் என்று டொக்டர்மார் சொல்கிறார்கள். நுனி கூரான சாமணம் ஒன்று வாங்கி வை. தோலோடு ஒட்ட, உண்ணியின் வாய்ப் பக்கத்தைப் பிடித்து, திருகாமல், வெடுக்கென்று இழுக்காமல், நேரே மேலே மெதுவாக இழு. வந்துவிடும். நகத்தால் நசுக்காதே, ஒட்டுநாடாவில் ஒட்டி மூடி எறி. கடித்த இடத்தையும் உன் கையையும் சவுக்காரம் போட்டுக் கழுவு. வாயின் துண்டு உள்ளே நின்றால் ஊசியால் கிண்டாமல் டொக்டரிடம் காட்டு. பிறகு கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றி ஒரு வட்டம் போடு. மூன்று கிழமைக்குள் காய்ச்சல், தலையிடி, தோலில் புள்ளி, கறுத்த பொருக்கு, இவற்றில் எது வந்தாலும் ஒரு நாளும் பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், டொக்டர் கேட்கும்வரை காத்திராமல் உண்ணி கடித்தது என்று நீங்களே முந்திச் சொல்ல வேண்டும். உண்ணி கடித்த எல்லாப் பிள்ளைக்கும் காய்ச்சல் வருவதில்லை. பெரும்பாலும் ஒன்றும் வராது. பயப்படத் தேவையில்லை. வந்தால், உண்ணி கடித்தது தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சனிக்கிழமை போட வேண்டிய வட்டத்தை நான் என் கலண்டரில் போட்டிருக்கிறேன். இன்று செவ்வாய். உங்கள் வீட்டுக் கலண்டரில் வட்டம் இல்லை. நீ பகலில் கந்தோரில் இருப்பாய். காய்ச்சல் வந்தால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறவள் தர்சினி. டொக்டர் கேட்பார், அவள் உண்மையென்று நம்பி, "இல்லை, நுளம்புதான் கடிச்சது" என்பாள். ஆரணியைக் கேட்டால் ஆரணியும் தலையாட்டுவாள். அவள் உன்னைப் போலத்தான், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அதுதான் எனக்குப் பயம்.

நேற்றுப் பின்னேரம் அம்மாவிடம் இதைச் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்தாள். "தர்சினிக்குத் தெரியுமோ?" என்றாள். இல்லை என்றேன். "மூண்டு நாளாயோ? அண்டைக்கு எனக்கு ஆரும் சொல்லியிருந்தால் நான் வேப்பிலையாலை விசிறிக்கொண்டு இருந்திருப்பனோ?" என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றி என்னைக் கேட்ட முதல் கேள்வி. இந்தக் கடிதத்தை இன்று காலை அவளுக்கு வாசிக்கக் கொடுத்தேன். நீ பினாத்தியது நான்காம் நாள் என்று எழுதியிருந்தேன். அதை வெட்டி, ஐந்தாம் நாள் என்று மேலே எழுதித் தந்தாள். நாட்களை அவள்தான் சரியாக எண்ணியிருக்கிறாள்.

உறையில் போடவில்லை, ஒட்டவுமில்லை. நீ வேலை முடிந்து வர ஐந்தரையாகும். நான் இப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு நீங்கள் இப்போது இருக்கிற வீட்டுக்குப் போய், இதைத் தர்சினியின் கையில் கொடுக்கப் போகிறேன். நீ வரும்போது அவள் வாசித்து முடித்து, பிள்ளையின் பிடரியையும் பார்த்திருப்பாள். கோபப்படுவாள். அதில் எனக்கு உரியதை உன் தலையில் விழ விடமாட்டேன். நீ வரும்வரை உங்கள் விறாந்தையில் இருப்பேன். தேத்தண்ணி தந்தால் குடிப்பேன்; தராவிட்டாலும் எழும்பிப் போகமாட்டேன்.

அப்பா